நிகழ்வுக்கும் முடிவுக்கும் நடுவே: தொழில் நிறுவனங்களின் பொருளாதார மேலாண்மை டிஜிட்டலாகும்போது

மாதத்தின் 3ஆம் தேதி ஒரு வாடிக்கையாளருக்கு நட்டத்தில் சரக்கு விற்கப்படுகிறது. விற்றவருக்கு அது நட்டம் என்று தெரியாது. அனுப்பிவைத்த கூலி ஒரு பதிவேட்டில் இருக்கிறது, பழுதென்று திரும்பி வந்த பெட்டிகள் வேறொன்றில் இருக்கின்றன, 60 நாள் கடனுக்கான வட்டி எங்கேயும் எழுதப்படவே இல்லை. மாதம் முடிகிறது. அடுத்த மாதம் 10ஆம் தேதி வரை கணக்குப் பிரிவில் விளக்குகள் அணைவதில்லை. வங்கியின் கணக்கோடும் கிடங்கின் இருப்போடும் ஒத்துப்பார்த்து, கிளைகளின் கணக்குகளைச் சேர்த்து, ஒருவழியாக அறிக்கை தயாராகிறது. 12ஆம் தேதி மேலாளர்கள் கூடி அதைப் படிக்கிறார்கள். அதற்குள் அதே வாடிக்கையாளருக்கு அதே விலையில் இன்னும் ஆறு முறை சரக்கு போய்விட்டது.

அடக்கவிலை காண்பது, விலை வைப்பது, கொள்முதல் செய்வது, கடன் வசூலிப்பது, பட்ஜெட் போடுவது, முதலீடு செய்வது என ஒரு நிறுவனத்தின் பொருளாதார மேலாண்மை முழுவதும் இப்படிப்பட்ட இடைவெளிகளுக்குள்தான் நடக்கிறது. உற்றுப் பார்த்தால் அங்கே இரண்டு தூரங்கள் இருக்கின்றன. ஒரு நிகழ்வு நடப்பதற்கும் அது கணக்கில் ஏறுவதற்கும் உள்ள தூரம் முதலாவது. கணக்கில் ஏறியதை வைத்து யாரேனும் ஒரு முடிவெடுப்பதற்கு ஆகும் தூரம் இரண்டாவது. கணினியும் மென்பொருளும் முதல் தூரத்தைச் சுருக்குகின்றன. இரண்டாவதைச் சுருக்க வேண்டியது அந்த நிறுவனம்தான். டிஜிட்டல் மாற்றம் என்ற பெயரில் நடக்கும் பெரும்பாலான திட்டங்கள் பணத்தை முதல் தூரத்தில் செலவிட்டுவிட்டு, பலனை இரண்டாவதில் எதிர்பார்க்கின்றன. இத்துறையில் காணும் ஏமாற்றங்களின் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது என்பது என் கருத்து.

மூன்று ஏடுகளிலிருந்து ஒரே ஏட்டுக்கு

1494-இல் வெனிஸ் நகரில் அச்சான தம் கணித நூலில் லூக்கா பாச்சியோலி என்ற துறவி, ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் எழுதும், அந்நகர வணிகர்கள் கையாண்ட இரட்டைப் பதிவு முறையை விவரித்தார். அவர் சொன்னபடி ஒரு வணிகருக்கு மூன்று ஏடுகள் வேண்டும். நடந்ததை நடந்தபடியே, அருகில் இருந்தவர் எவரானாலும் எழுதிவைக்கும் சிட்டை ஒன்று. அதிலிருந்து பற்று எது, வரவு எது என்று பிரித்து எழுதும் குறிப்பேடு அடுத்தது. அங்கிருந்து ஒவ்வொரு கணக்கின் பக்கத்துக்கும் எடுத்தெழுதும் பேரேடு மூன்றாவது. ஒரே செய்தி மூன்று முறை எழுதப்பட்டது; ஒவ்வொரு முறையும் ஒரு மனிதர் அதை நிறுத்திப் பார்த்தார். தாமதம் பிறந்தது அங்கேதான். சரிபார்ப்பு பிறந்ததும் அதே இடத்தில்தான். கணினி வந்து தாமதத்தை நீக்கியபோது கூடவே எது நீங்கியது என்று கேட்பதற்கு இந்த இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

வணிகக் கணக்குக்குக் கணினி வந்த கதை ஒரு ரொட்டிக் கூடத்தில் தொடங்குகிறது. பிரிட்டனில் தேநீர்க் கடைகளை நடத்திவந்த லயன்ஸ் நிறுவனம் லியோ என்ற கணினியைத் தானே கட்டியது. 1951 நவம்பரில் அதன் ரொட்டி, கேக் உற்பத்தியின் மதிப்பைக் கணக்கிடும் வேலை அந்தக் கணினியில் முறையாக ஓடத் தொடங்கியது. அன்றாட வணிக வேலைக்குக் கணினி பயன்பட்ட முதல் நிகழ்வாக அது கருதப்படுகிறது. 1950களின் நடுவில் அதே நிறுவனம் செய்த இன்னொரு வேலைதான் எனக்கு இதைவிடப் பெரியதாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு தேநீர்க் கடைக்கும் வழக்கமான கொள்முதல் பட்டியல் ஒன்று கணினியில் இருந்தது. கடையின் பொறுப்பாளர் அதில் எது மாற வேண்டுமோ அதை மட்டும் தொலைபேசியில் சொல்வார். கேட்டுக்கொண்டிருப்பவர் அப்போதே, கணினி படிக்கும் அட்டையில் அதைத் துளைகளாகப் பதிவார். மறுநாள் எந்தக் கடைக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதைக் கணினி கணக்கிட்டுவிடும். வழக்கம்போல் நடப்பதைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை; மாறியதை மட்டும் சொன்னால் போதும். அந்த நிறுவனம் இதைச் சாதித்ததற்குக் காரணம் கணினி மட்டும் அன்று. கணினிக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பிருந்தே, எந்தப் படிவம் எதற்காக எங்கே போகிறது என்று ஆராய்வதற்கென்றே அங்கு ஒரு தனிப் பிரிவு இயங்கிவந்தது.

அதன்பின் நெடுங்காலம் கணினிக் கணக்கு இரவு வேலையாகவே இருந்தது. பகலில் துளையட்டைகள் சேரும், இரவில் அவை ஓடும், காலையில் அறிக்கை வரும். 1972-இல் ஐ.பி.எம். நிறுவனத்தை விட்டு வெளியே வந்த ஐந்து பொறியாளர்கள் ஜெர்மனியில் எஸ்.ஏ.பி. நிறுவனத்தைத் தொடங்கியபோது, அவர்கள் முன்வைத்த எண்ணமே இந்த இரவை ஒழிப்பதுதான். அவர்களுடைய மென்பொருள்களின் பெயர்களில் வந்த ஆர் என்ற எழுத்து ‘ரியல் டைம்’ என்பதன் சுருக்கம். அதாவது நடக்கும்போதே பதிவாவது. கொள்முதல், கிடங்கு, உற்பத்தி, விற்பனை, கணக்கு அனைத்தும் ஒரே தரவுத்தளத்தில் இயங்கும் இவ்வகை மென்பொருளுக்கு 1990-இல் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் ஈ.ஆர்.பி. (நிறுவன வளத் திட்டமிடல்) என்று பெயர் சூட்டியது. 1992-இல் எஸ்.ஏ.பி. வெளியிட்ட ஆர்/3 அதைப் பெரிய நிறுவனங்களின் பொதுவழக்காக்கியது.

ஈ.ஆர்.பி. என்ன செய்கிறது என்பதை ஒரே ஒரு செயலால் புரிந்துகொள்ளலாம். கிடங்கில் சரக்கு இறங்குகிறது. பொறுப்பாளர் பார்கோடைப் படிக்கும் கருவியை அதன்மேல் காட்டுகிறார். அந்தக் கணத்தில் சரக்கு இருப்பு கூடுகிறது. கொள்முதல் ஆணையில் அவ்வளவு வந்துவிட்டது என்று குறிக்கப்படுகிறது. சரக்கு அனுப்பியவருக்குக் கொடுக்க வேண்டிய தொகை பேரேட்டில் ஏறுகிறது. உற்பத்தித் திட்டத்தில் இந்தப் பொருளுக்காகக் காத்திருந்த வேலை நகர்கிறது. கணக்குப் பிரிவில் யாரும் எதையும் எழுதவில்லை. பாச்சியோலியின் மூன்று ஏடுகளும் ஒரே தொடுதலில் முடிந்துவிட்டன.

இதன் மறுபக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. கிடங்குப் பொறுப்பாளர் அந்தக் கணம் முதல் ஒரு கணக்காளர். பெட்டிக்கு 12 என்று வரும் பொருளைப் பெட்டியாக எண்ண வேண்டிய இடத்தில் தனித்தனியாக எண்ணிவிட்டால், அந்தப் பிழை வழியில் எவர் கண்ணிலும் படாமல் நேரே நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகைக்குப் போய்விடும். முன்பு குறிப்பேட்டில் எழுதும் எழுத்தர் ‘இவ்வளவா?’ என்று ஒரு கணம் பேனாவை நிறுத்தியிருப்பார். அந்தப் பேனா இப்போது இல்லை. ஆகவேதான் முதன்மைத் தரவு எனப்படும் அடிப்படைப் பட்டியல்கள் (பொருள்களின் பெயர், அளவு அலகு, சரக்கு அனுப்புவோர் விவரம், விலை, வரி விகிதம்) இத்தனை முக்கியமாகின்றன. ஒரே நிறுவனம் மூன்று விதமாக எழுத்துக்கூட்டப்பட்டு மூன்று கணக்குகளாக இருந்தால், அதனிடம் மொத்தமாக எவ்வளவு வாங்குகிறோம் என்பதே தெரியாது. மொத்தம் தெரியாதபோது விலை பேசும் வலு எங்கிருந்து வரும்? மாற்றத் திட்டங்களில் மிகச் சலிப்பான வேலை இந்தப் பட்டியல்களைத் துப்புரவு செய்வது. மிகுந்த பலன் தருவதும் அதுவே.

இன்னொரு மாற்றம் வெளியே தெரியாமல் நடந்தது. பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டு விதக் கணக்குகளை வைத்திருந்தன. பங்குதாரர்களுக்கும் வரித் துறைக்கும் காட்டும் நிதிக் கணக்கு ஒன்று. எந்தப் பொருளில், எந்தப் பிரிவில் லாபம் என்று உள்ளே பார்த்துக்கொள்ளும் மேலாண்மைக் கணக்கு மற்றொன்று. இரண்டும் வேறு வேறு அட்டவணைகளில் இருந்ததால், இரண்டும் ஒத்துவரும்படி செய்வதே மாதந்தோறும் பல நாள் வேலையாக இருந்தது. எஸ்.ஏ.பி. 2015-இல் கொண்டுவந்த புதிய தலைமுறை மென்பொருளில் இரண்டும் ஒரே குறிப்பேட்டில் பதிவாகின்றன. ஒவ்வொரு வரியிலும் கணக்கின் பெயரோடு பொருள், வாடிக்கையாளர், பிரிவு ஆகியவையும் இணைந்தே இருக்கின்றன. ‘எந்தக் கணக்கு உண்மை?’ என்று கூட்டத்தில் பாதி நேரம் சண்டையிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது எத்தனை பெரிய விடுதலை என்பது அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

அடக்கவிலையும் காலமும்

பதிவு நெருங்கி வந்ததால் உண்மையில் எதை நன்றாகப் பார்க்க முடிகிறது? முதலில் அடக்கவிலையை. மூலப்பொருளும் நேரடிக் கூலியும் ஒவ்வொரு பொருளிலும் தெளிவாகத் தெரியும். சிக்கல் மேற்செலவில் இருக்கிறது. இயந்திரத்தை ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி அமைக்கும் நேரம், தரப் பரிசோதனை, கொள்முதல் பிரிவின் சம்பளம் போன்றவற்றை எப்படிப் பங்கிடுவது? பழைய வழக்கம், கூலி மணிக்கணக்கில் பங்கிடுவது. மனித உழைப்பே பெரும்பகுதியாக இருந்த காலத்தில் அது பொருந்தியது. இயந்திரங்கள் பெருகிய பிறகு அது பொய் சொல்லத் தொடங்கியது. அதிக அளவில் ஓடும் எளிய பொருளின் தலையில் மேற்செலவு அளவுக்கு மீறி ஏறியது. சிறு அளவில், பல வகைகளில் செய்யும் சிக்கலான பொருள் மலிவாகத் தோன்றியது. லாபம் தரும் பொருளைக் கைவிட்டு, நட்டம் தருவதைத் துரத்தும் ஆபத்து இதிலிருந்து வந்தது.

1980களில் கணக்கியல் பேராசிரியர்களான ராபின் கூப்பரும் ராபர்ட் கப்லானும் இதற்கு ஒரு வழியை முறைப்படுத்தினார்கள். எந்தச் செயலுக்கு எவ்வளவு செலவு, எந்தப் பொருள் அந்தச் செயலை எத்தனை முறை கேட்கிறது என்று பார்த்துச் செலவைப் பங்கிடுவது. கருத்து செம்மையானது. நடைமுறையில் அது பல இடங்களில் கைவிடப்பட்டது. ஊழியர்களிடம் ‘உங்கள் நேரத்தில் எத்தனை சதவீதம் எந்த வேலைக்குப் போகிறது?’ என்று கேட்டுக் கேட்டுத் தரவு திரட்ட வேண்டியிருந்தது. ஆறு மாதத்தில் அது பழையதாகிவிடும். இன்று ஒவ்வொரு ஆணையும் எத்தனை வரிகள் கொண்டது, எத்தனை முறை திருத்தப்பட்டது, இயந்திரம் எத்தனை நிமிடம் நின்றது என்பதெல்லாம் யாரையும் கேட்காமலே பதிவாகின்றன. அன்று தரவு இல்லாமல் தடைபட்ட ஒரு நல்ல எண்ணத்துக்கு இப்போது தரவு வந்து சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் செய்து முடித்த நிறுவனங்களின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

இரண்டாவது, பணம் சுழலும் காலம். லாபம் காட்டும் நிறுவனமும் கையில் பணமில்லாமல் மூழ்கும். சரக்கு வாங்கப் பணம் கொடுத்த நாளுக்கும், விற்ற சரக்குக்குப் பணம் வந்து சேரும் நாளுக்கும் இடையே, அன்றாட வணிகத்தை ஓட்டும் பணமான நடைமுறை மூலதனம் சிக்கிக் கிடக்கிறது. 1990களில் டெல் கணினி நிறுவனம் இதைத் தலைகீழாக்கிக் காட்டியது. வாடிக்கையாளர் ஆணை கொடுத்த பிறகே கணினியைப் பொருத்தியதால் அதன் சரக்கு இருப்பு சில நாள்களுக்கானதாகவே இருந்தது. வாடிக்கையாளரிடமிருந்து பணம் முதலில் வந்தது. பாகங்கள் தந்தவர்களுக்குப் பின்னர் போனது. பாகங்கள் தந்தவர்களோடு தகவல் உடனுக்குடன் பகிரப்பட்டதால்தான் இந்த அமைப்பு நின்றது. ஆனால், ஆணைக்குப் பிறகே உற்பத்தி என்ற துணிவு எந்த மென்பொருளோடும் பெட்டியில் வந்ததன்று.

மின்னணு இன்வாய்ஸ் பற்றி ஒரு வார்த்தை. இத்தாலி 2019 ஜனவரி முதல் நிறுவனங்களுக்கு இடையேயான விற்பனைகளுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. இன்வாய்ஸ் அரசின் தளத்தின் வழியாகவே வாங்குபவரைச் சென்றடைகிறது. சிலி போன்ற நாடுகள் இதற்கும் முன்பே இந்த வழியில் இறங்கிவிட்டன. வரிக்காகத் தொடங்கியது இது. எனினும் இன்வாய்ஸைக் கையால் தட்டச்சு செய்யும் வேலை மறைந்ததால், இதுவரை கணினிப் பக்கம் திரும்பாத சிறு நிறுவனங்களையும் டிஜிட்டல் கணக்குக்குள் அழைத்துவந்தது இதுதான்.

மோட்டார் வந்தது, தண்டு போகவில்லை

1987-இல் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ, கணினியின் காலத்தை எங்கும் காண முடிகிறது, உற்பத்தித் திறன் புள்ளிவிவரங்களில் மட்டும் காணவில்லை என்று எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து வரலாற்றுப் பொருளாதார அறிஞர் பால் டேவிட் அதற்கு ஒரு விளக்கம் தந்தார். தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் வந்த கதையை அவர் எடுத்துக்கொண்டார். நீராவி எஞ்சின் காலத்தில் ஒரு பெரிய எஞ்சின், கூரையடியில் ஓடும் நீண்ட தண்டு, அதிலிருந்து இறங்கும் பட்டைகள் என்று இயந்திரங்கள் சுழன்றன. மின்சாரம் வந்ததும் எஞ்சின் இருந்த இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். தண்டும் பட்டைகளும் அப்படியே இருந்தன, பலன் அற்பம். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனி மோட்டார் வைக்கலாம், அப்படி வைத்தால் இயந்திரங்களை வேலையின் வரிசைப்படி எங்கும் நிறுத்தலாம் என்பது நடைமுறையாக 1920கள் ஆயின. உற்பத்தித் திறன் அப்போதுதான் எழும்பியது.

டிஜிட்டல் திட்டங்களை ஆராயும்போதெல்லாம் ‘இங்கே தண்டு எது?’ என்று தேடுவது என் வழக்கம். பொருளாதார மேலாண்மையில் அந்தத் தண்டு பெரும்பாலும் ஒப்புதல் வரிசைதான். எண்கள் நொடியில் வருகின்றன. ஆனால் ஒரு விலையை மாற்ற நான்கு மேசைகளைக் கடக்க வேண்டும், முடிவு மாதக் கூட்டத்தில்தான் எடுக்கப்படும் என்றால், நொடிக் கணக்கால் என்ன பயன்? இன்னொரு தண்டு ஆண்டு பட்ஜெட். சந்தையின் நிலவரம் வாரந்தோறும் திரையில் தெரிகிறது. செலவுக்கான வரம்போ பதினைந்து மாதம் முன்பு ஒருவர் ஊகித்த எண்ணில் பூட்டப்பட்டிருக்கிறது.

இந்த இரண்டாம் தூரத்தைக் கணினி இல்லாமலேயே சுருக்கியவர்கள் உண்டு. சுவீடனின் ஹண்டெல்ஸ்பாங்கன் வங்கிக்கு 1970-இல் தலைமையேற்ற யான் வாலண்டர் வழக்கமான பட்ஜெட் முறையையே எடுத்துவிட்டார். கடன் தருவதா இல்லையா என்ற முடிவு கிளைகளின் கைக்குப் போனது. கிளைகள் ஒன்றையொன்று ஒப்பிட்டுத் தம் நிலையை அறிந்துகொண்டன. தகவல் எங்கே பிறக்கிறதோ, முடிவும் அங்கேயே பிறக்கட்டும் என்பதே அதன் சாரம். இன்று ஆறு வாரத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும் தொடர் முன்கணிப்பு, விற்பனை மாறினால் தானே மாறும் செலவுத் திட்டம் என்று மென்பொருள்கள் தரும் வசதிகளெல்லாம், முடிவெடுக்கும் உரிமை இப்படிக் கீழே இறங்கிய இடத்தில்தான் முழுப் பலன் தரும். மற்ற இடங்களில் அவை தலைமையகத்தின் சுவரில் ஒளிரும் வண்ண வரைபடங்களாக நின்றுவிடும்.

இரண்டு தோல்விகள்

சாக்லேட் தயாரிக்கும் ஹெர்ஷி நிறுவனம் 1999 ஜூலையில் பழைய கணினி அமைப்பிலிருந்து புதியதற்கு மாறியது. சுமார் 11 கோடி டாலர் திட்டம். நான்கு ஆண்டுகள் தேவை என்று கருதப்பட்ட வேலை இரண்டரை ஆண்டுகளுக்குச் சுருக்கப்பட்டது. மூன்று வேறு நிறுவனங்களின் மென்பொருள்கள் ஒரே நேரத்தில் புகுத்தப்பட்டன. அதுவும் ஹாலோவீன் பண்டிகைக்கான ஆணைகள் வந்து குவியும் பருவத்தில். கிடங்கில் சாக்லேட் இருந்தது, கடைகள் கேட்டன, நடுவில் இருந்த அமைப்பால் இரண்டையும் இணைக்க முடியவில்லை. 10 கோடி டாலருக்கும் அதிகமான ஆணைகள் அந்தப் பருவத்தில் நிறைவேறாமல் போயின. இதை அவசரத்தின் விளைவு என்று சொல்லி முடித்துவிடலாம்.

இரண்டாவது தோல்வி ஆழமானது. ஜெர்மனியின் லிடில் சில்லறை வணிக நிறுவனம் 2011-இல் தொடங்கிய எஸ்.ஏ.பி. திட்டத்தை ஏழு ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவான பின், 2018-இல் கைவிட்டது. அப்போது வெளிவந்த செய்திகள் சுட்டிய காரணங்களில் ஒன்று மேலோட்டமாகப் பார்த்தால் மிகச் சிறியது. லிடில் தன் சரக்கு இருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிட்டுவந்தது. அந்த மென்பொருளின் இயல்பான அமைப்பு விற்பனை விலையில் மதிப்பிடுவது. நிறுவனம் தன் வழக்கத்தை மாற்ற விரும்பவில்லை. மென்பொருளை வளைக்கச் சொன்னது. ஓர் இடத்தில் வளைத்தால் அதைத் தொட்டிருக்கும் நூறு இடங்களிலும் வளைக்க வேண்டும். அப்படி வளைக்க வளைக்கச் செலவு ஏறியது, வேகம் குறைந்தது.

நிறுவனம் பிடிவாதம் பிடித்தது தவறு என்று பலர் தீர்ப்பளித்தார்கள். எனக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்லத் தோன்றவில்லை. சரக்கை எந்த விலையில் மதிப்பிடுகிறோம் என்பது கணக்கர்களின் வழக்கம் மட்டும் அன்று. லாபத்தை எந்தக் கண்ணால் பார்க்கிறோம் என்பதே அதில்தான் அடங்கியிருக்கிறது. கொள்முதல் விலையில் மதிப்பிடும் நிறுவனத்தில் ஒவ்வொருவரும் ‘இதை எவ்வளவுக்கு வாங்கினோம்?’ என்று யோசிப்பார்கள். விற்பனை விலையில் மதிப்பிடும் நிறுவனத்தில் ‘இது எவ்வளவுக்குப் போகும்?’ என்று யோசிப்பார்கள். மலிவு விலையே அடையாளமான ஒரு வணிகத்துக்கு முதல் கேள்வி உயிர் போன்றது. மென்பொருள் என்பது பிறர் எழுதிவைத்த ஒரு வணிகக் கோட்பாடு. அதை வாங்குமுன் அதன் கோட்பாட்டைப் படித்து, எங்கே நாம் மாறுவோம், எங்கே மாற மாட்டோம் என்று முதல் மாதத்திலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஏழாம் ஆண்டில் தெரியவரக் கூடாத செய்தி அது.

எக்செல் என்னும் நிழல் பேரேடு

எத்தனை பெரிய ஈ.ஆர்.பி. இருந்தாலும் அதன் அருகில் நூற்றுக்கணக்கான எக்செல் தாள்கள் வாழ்கின்றன. இவற்றின் மூதாதை 1979-இல் டான் பிரிக்லினும் பாப் பிராங்க்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க். ஓர் எண்ணை மாற்றினால் தாள் முழுவதும் தானே மாறும் என்ற அந்த எளிய அற்புதம், ‘இப்படி நடந்தால் என்ன ஆகும்?’ என்று கேட்கும் உரிமையைக் கணினித் துறையிடமிருந்து எடுத்துச் சாதாரண மேலாளரிடம் கொடுத்தது. அந்த விடுதலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆபத்து, அதுவே நிரந்தர அமைப்பாகிவிடும்போது வருகிறது. 2012-இல் ஜே.பி. மோர்கன் வங்கி தன் லண்டன் பிரிவின் வணிகத்தில் 600 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. அங்கே இடரை அளந்த கணக்குமுறை ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்குக் கையால் நகலெடுத்து ஒட்டிய எக்செல் தாள்களில் ஓடியது என்பதும், சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்ததால் இடர் குறைவாகக் காட்டப்பட்டது என்பதும் வங்கியின் சொந்த விசாரணையில் வெளிவந்தன. இத்தகைய தாள்களை ஒரே ஆணையில் தடை செய்யும் மேலாளர்கள் உண்டு. தாள்கள் அப்போது மறைவாகத் தொடரும், அவ்வளவுதான். ஒவ்வொரு தாளும் முறையான அமைப்பால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியின் விலாசம். அந்தக் கேள்வியை யார், எதற்காகக் கேட்கிறார் என்று விசாரித்து எழுதினால், அடுத்த கட்டத் திட்டத்துக்கு அதைவிடச் சிறந்த தேவைப் பட்டியல் கிடைக்காது.

பதிவை நம்பி மனிதரை நம்பாதபோது

முதல் தூரம் சுருங்கும்போது நேரும் மிகக் கொடிய தவறு, நிகழ்வைவிடப் பதிவை நம்புவது. பிரிட்டனின் அஞ்சல் நிறுவனம் 1999 முதல் தன் கிளைகளில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளை நிறுவியது. கிளைகளை நடத்தியவர்கள் ஒப்பந்தப்படி பணக் குறைவுகளுக்குப் பொறுப்பு. மென்பொருள் காட்டிய குறைவுகளில் பல, அதன் பிழைகளால் தோன்றியவை. திரை ‘பணம் குறைகிறது’ என்றது. கல்லாவின் முன் நின்றவர் ‘நான் எடுக்கவில்லை’ என்றார். அஞ்சல் நிறுவனத்தார் திரையையே நம்பினார்கள். 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க் கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். சிறை சென்றவர்கள் உண்டு, வீடிழந்தவர்கள் உண்டு, உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. கணினிச் சான்றைக் கொண்டுவரும் தரப்பே அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியதை நிரூபிக்க வேண்டும் என்று இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. 1999-இல் இயற்றப்பட்ட சட்டம் அதை நீக்கியிருந்தது. 2019 டிசம்பரில்தான் உயர் நீதிமன்றம் அந்த மென்பொருளின் பிழைகளை விரிவாக எடுத்துச் சொல்லித் தீர்ப்பளித்தது. தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்கும் சட்டம் வர 2024 ஆயிற்று.

இந்தக் கதையில் கணக்குத் துறையினர் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. காகித நாளிலிருந்தே கணக்கில் அனாமத்து என்று ஒரு பகுதி உண்டு. எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத தொகையை, விளக்கம் கிடைக்கும் வரை அங்கே நிறுத்திவைப்பார்கள். ‘இது எனக்குப் புரியவில்லை, விசாரிக்கிறேன்’ என்று ஒரு கணக்கர் நேர்மையாகச் சொல்வதற்கான இடம் அது. அந்த அஞ்சல் கிளைகளில் இந்த வசதி 2005-இல் எடுக்கப்பட்டது. கணக்குக் காலம் முடியும்போது, திரை காட்டிய குறைவை ஒப்புக்கொண்டால்தான் அடுத்த காலத்துக்குப் போய்க் கிளையைத் தொடர்ந்து நடத்த முடியும். ஒப்புக்கொண்டு எழுதியதே பின்னர் பொய்க் கணக்கு என்ற குற்றச்சாட்டாக அவர்களிடம் திரும்பி வந்தது.

இப்போது பதிவோடு முடிவையும் இயந்திரமே எடுக்கும் கட்டத்துக்கு நிறுவனங்கள் வந்திருக்கின்றன. இன்வாய்ஸைக் கொள்முதல் ஆணையோடும் சரக்கு ரசீதோடும் ஒப்பிட்டுத் தானே பணம் கொடுத்துவிடும் அமைப்புகள் பரவலாகிவிட்டன. விலையைத் தானே மாற்றும் கணக்குமுறைகளும் அப்படியே. அவற்றின் வரம்புக்கு அமெரிக்காவின் சில்லோ நிறுவனம் ஒரு சான்று. வீடுகளின் விலையைக் கணினியால் மதிப்பிட்டு வாங்கி விற்கும் தன் பிரிவை மூடுவதாக அது 2021 நவம்பரில் அறிவித்தது. வாங்கிவைத்த வீடுகளின் மதிப்பில் ஒரே காலாண்டில் 30 கோடி டாலருக்கு மேல் குறைத்து எழுத நேர்ந்தது. முன்கணிப்பு தவறுவது புதிதன்று, மனிதர்களும் தவறுவார்கள். ஆனால் ஒரு மனிதர் பத்து வீடு வாங்கியதும் தயங்குவார். தயங்க வேண்டிய அளவு எது என்பதை இயந்திரத்துக்கு யாரேனும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அப்படி எழுதியவரின் பெயரும் அங்கே இருக்க வேண்டும்.

கணக்குப் பிரிவில் பணிபுரிவோரின் வேலை இதனால் போய்விடுமா என்ற கேள்விக்கு என் பதில் நேரானது. எடுத்தெழுதும் வேலை போய்விட்டது, அது திரும்பாது. ஒத்துப்பார்க்கும் வேலையிலும் பெரும்பகுதி போய்க்கொண்டிருக்கிறது. விதிவிலக்குகளை விசாரிக்கும் வேலையோ கூடியிருக்கிறது, கடினமாகியும் இருக்கிறது. இயந்திரம் எளிதானவற்றையெல்லாம் முடித்துவிட்டு, தன்னால் தீர்க்க முடியாத நூற்றில் நான்கை அவர்கள் மேசையில் வைக்கிறது. அந்த நான்குக்கும் கிடங்கைத் தெரிய வேண்டும், ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும், விற்பனையாளரிடம் பேச வேண்டும். ஆள் குறைப்பைக் காட்டித் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கும் நிறுவனங்கள் முதலில் வெளியே அனுப்புவது பெரும்பாலும் இதைச் செய்யத் தெரிந்த மூத்தவர்களைத்தான்.

ஒரு புதிய கணக்கு அமைப்பைக் காட்டி விளக்க வருபவர்களிடம், அதன் வேகத்தையும் வரைபடங்களையும் பார்த்து முடித்த பிறகு, ஒரு சோதனையைச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். கிளையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் திரையில் வரும் ஓர் எண்ணை ஏற்க மறுக்கிறார். அந்த எண்ணை அவர் எந்தப் பொத்தானால் நிறுத்திவைப்பார்? நிறுத்தியது யார் பார்வைக்கு, எத்தனை மணி நேரத்தில் போகும்? அந்த எண் எந்தெந்தப் பதிவுகளிலிருந்து வந்தது, இடையில் யார் எதைத் தொட்டார்கள் என்பதை அவரே கீழிறங்கிப் பார்க்க முடியுமா? விசாரணை முடியும்வரை அவர் கிளையைத் திறந்து வேலை செய்ய முடியுமா? மென்பொருளை வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், அனாமத்துக்கு அதில் எந்தப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.